ஓராண்டும் நிலைக்காத தலைநகரம்

தலைநகரம் என்றவுடன் மாட மாளிகைகளும் அகன்ற வீதிகளும் நம் மனக்கண்முன் தோன்றும். ஆனால் போலீஸ் பாசறை ஒன்றே தலைநகரமாக விளங்கிய விந்தையைக் கானடா நாட்டு வரலாற்றில் காண்கிறோம். இன்றைய சஸ்காச்சுவான் மாகாணத்தில், பெல்லி என்னும் சிற்றூருக்கு அண்மையில், ஸ்வான் ஆற்றங்கரையில் இருந்த லிவிங்ஸ்டன் கோட்டையே அது.

சமவெளியில் மலிந்திருந்த சாராய வணிகத்தை அடக்கி ஒழுங்கை நிலைநாட்டும் பொருட்டு, 1873-இல் வடமேற்குக் குதிரைப் போலீஸ் படை நிறுவப்பெற்றது. அதற்குத் தலைமையகமாக 1874-இல் இக்கோட்டையைக் கட்டத் தொடங்கினர். பசிபிக் சமுத்திரம் வரை அமைக்கக் கருதிய இருப்புப்பாதையும் தந்திக் கம்பியும் இவ்வழியே செல்லும் என்று அக்காலத்தார் எண்ணினர். இடமோ பாறைகள் நிறைந்த மேட்டு நிலம். வாடைக்காற்றுக்கு மறைப்பே இல்லை. பாறை இடுக்குகளில் பாம்புகள் மொய்த்துக் கிடந்தன. படைத்தலைவர் பிரெஞ்சு அவ்வாண்டு அக்டோபரில் வந்து பார்த்தபோது கட்டடங்கள் முற்றுப்பெறவில்லை. சுற்றுப்புறம் தீயால் கருகியிருந்தது. ஆகவே படையின் ஒரு பகுதியை மட்டும் அங்கே நிறுத்திவிட்டு அவர் அகன்றார்.

இத்தகைய இடம்தான் 1876-இல் வடமேற்குப் பிரதேசங்களின் தற்காலிகத் தலைநகரமாயிற்று. துணை ஆளுநர் டேவிட் லெயர்டு அங்கே பதவியேற்றார். 1877 மார்ச்சில் ஆட்சிக்குழுவின் முதற்கூட்டம் கூடியது. லெயர்டு, நீதிபதிகள் ரிச்சர்ட்சன், ரையன், போலீஸ் ஆணையர் மக்ளவுடு ஆகிய நால்வரே அவையினர்!

அச்சிற்றவை இயற்றிய சட்டங்களுள் கருதத்தக்கது காட்டெருமைப் பாதுகாப்புச் சட்டமாகும். மந்தைகளைப் பட்டிக்குள் துரத்தி மொத்தமாகக் கொல்வதையும், நாக்கை மட்டும் அறுத்தெடுக்கக் கொல்வதையும், இளங்கன்றுகளை வேட்டையாடுவதையும் அது தடுத்தது. எனினும், எல்லைக்குத் தெற்கே அமெரிக்காவில் தோலுக்காகக் கொன்று குவித்தோரை அச்சட்டம் தொட இயலவில்லை. வேட்டையையே நம்பி உயிர்வாழ்ந்த பழங்குடியினருக்கோ பஞ்சகாலத்தில் அது சுமையாயிற்று. மறு ஆண்டே, 1878-இல், சட்டம் நீக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் மந்தைகள் மறைந்தன. கிரீ முதலிய குடிகள் பட்டினியால் வாடினர்.

தலைநகரமும் 1877-இலேயே பேட்டில்ஃபோர்டுக்குப் பெயர்ந்தது. இருப்புப்பாதை தெற்கே திரும்பியதால் 1883-இல் அது ரெஜினாவுக்குச் சென்றது. கைவிடப்பட்ட கோட்டையை 1884-இல் புல்வெளித் தீ எரித்தழித்தது.

அரசின் பெருமை கட்டடத்தில் இல்லை என்பதற்கு அந்த நால்வர் அவையே சான்று. அவர்கள் எண்ணியது நல்லதே. ஆயினும் காலம் கடந்து வந்த காவல், காக்க வேண்டியதைக் காக்கவில்லை. இன்று அங்கே புல் வளர்ந்த மேடு உளது. மேய வந்த மந்தைகள்தாம் இல்லை.