இறப்பர் மரத்தின் சொந்த ஊருக்கு

மூன்று மாதங்களாக எனது எழுத்து மேசையின் மேல் தென் அமெரிக்க வரைபடம் ஒன்று விரிந்து கிடக்கின்றது. அதன் வடபாதியில், பச்சை நிறத்தின் நடுவே, மனௌஸ் என்ற நகரைச் சுற்றிச் சிவப்பு மையினால் வட்டமிட்டிருக்கின்றேன். எழுபது வயதைக் கடந்த ஒருவர் கதிர்காமத்துக்கோ திருச்செந்தூருக்கோ போகத் திட்டமிட்டால் எவரும் காரணம் கேட்பதில்லை. அமேசான் காட்டுக்குள் இருக்கும் நகருக்குப் போகப் போகின்றேன் என்றால் கேட்கின்றார்கள். மனைவி கேட்டார், பிள்ளைகள் கேட்டார்கள், வைத்தியரும் கேட்டார். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணத்தைச் சொல்லிச் சமாளித்தேன். உண்மையான காரணத்தை இங்கே எழுதிவிடுகின்றேன்.

நான் பிறந்தது களனி ஆற்றுப் பள்ளத்தாக்கில், யட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றின் லயத்தில். அம்மா பால் வெட்டும் தொழிலாளி. விடிவதற்கு முன்னரே பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓடுவது குறைந்துவிடும் என்பதால் அந்த அவசரம். சாய்வாகப் பட்டையைச் சீவி, சிரட்டையைப் பொருத்தி, அடுத்த மரத்துக்கு ஓட வேண்டும். கத்தி சற்று ஆழமாகப் பதிந்து மரத்தைக் காயப்படுத்தினால் கங்காணியின் வாயில் விழ வேண்டியதுதான். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் கூலியும் இல்லை. பால் குறைந்த நாட்களில் அரைப்பேர். அம்மாவின் சேலையில் எப்போதும் இருந்த அந்தப் புளித்த மணம் இன்னும் என் நாசியில் நிற்கின்றது.

அண்ணன் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்புடன் படிப்பை நிறுத்திவிட்டு அவரும் கத்தியைக் கையில் எடுத்தார். நான் தொடர்ந்து படித்தது அவருடைய கூலியினால்தான். ஒருநாள் என் புவியியல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவர், இறப்பர் மரத்தின் தாயகம் பிரேசில் என்ற வரியை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "தம்பி, இந்த மரத்துக்கும் நம்மள மாதிரி வேற ஊருதானாடா?" என்று கேட்டார். அப்போது அது எனக்கு வேடிக்கையான கேள்வியாகத் தோன்றியது.

*

அண்ணனின் கேள்விக்கான பதிலை நான் தேடிப் படித்தது பத்திரிகைத் தொழிலுக்கு வந்த பின்னர்தான்.

ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் 1876ஆம் ஆண்டில் அமேசானின் கிளை நதியான தபஜோஸ் கரையில் ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளைச் சேகரித்துக் கப்பலேற்றினார். ஆயிரம் விதைக்குப் பத்துப் பவுண் என்பது பேச்சு. இலண்டனின் கியூ தாவரவியற் பூங்காவில் அவற்றில் மிகச் சில மாத்திரமே முளைத்தன. முளைத்தவற்றுள் பெரும்பகுதி, ஏறத்தாழ 1,900 கன்றுகள், அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பஹாவின் ஹெனரத்கொட தாவரவியற் பூங்காவில் அவை வேரூன்றின. இந்த மண்ணில் இறப்பர்த் தோட்டங்களின் கதை தொடங்கியது அங்கேதான்.

விதைகள் புறப்பட்ட நாட்டிலோ, காட்டில் தானாக வளர்ந்த மரங்களின் பாலை விற்றே மனௌஸ் நகரம் செழித்துக்கொண்டிருந்தது. கடலிலிருந்து ஏறத்தாழ 1,500 கிலோமீற்றர் உள்ளே, காட்டின் நடுவில், மின்விளக்கும் மின்சார டிராமும் ஓடின. 1896 டிசம்பர் 31ஆம் திகதி அங்கே ஓர் இசைநாடக அரங்கைத் திறந்தார்கள். அதன் குவிமாடத்தில் பிரேசில் கொடியின் நிறங்களில் 36,000 ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. அந்த ஓடுகள் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தவை. ஆனால் 1913ஆம் ஆண்டளவில் ஆசியத் தோட்டங்களின் இறப்பர் அமேசான் காட்டு இறப்பரை அளவில் மிஞ்சிவிட்டது. மனௌஸின் வாழ்வும் அத்துடன் சரிந்தது.

அந்த நகரைச் சரித்தவர்கள் இலங்கையிலும் மலாயாவிலும் பால் வெட்டியவர்கள் என்று ஒரு கட்டுரையில் நான் எழுதியதுண்டு. அது அரைகுறை உண்மை. இலாபம் எங்களவர் கைக்கு வரவில்லை. அதேபோல் மனௌஸின் மாளிகைகளும் அங்கே பால் எடுத்தவர்களுடையவை அல்ல. அவர்களுக்கு அரிசி, உப்பு, கத்தி, துணி எல்லாவற்றையும் முதலாளியே கடனுக்குக் கொடுப்பான். எடுத்த பாலைப் புகையில் உறையவைத்து உருண்டையாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் கடன் தீராது. இதைப் படித்தபோது எங்கள் பாட்டன்மாரின் 'துண்டு' முறை நினைவுக்கு வந்தது. கங்காணியிடம் பட்ட கடனைத் துண்டில் எழுதி, அந்தத் துண்டோடு ஆளையும் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றிய முறை அது. இலங்கையில் அது 1921ஆம் ஆண்டில்தான் ஒழிக்கப்பட்டது. கடலுக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் ஒரே கணக்குப் புத்தகத்தைத்தான் வைத்திருந்திருக்கின்றார்கள்.

*

இத்தனை காலமும் ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள்.

1979ஆம் ஆண்டில் வெளிநாட்டுப் பயிற்சி ஒன்றுக்கு என்னைத் தெரிவு செய்திருந்தார்கள். ஆசிரிய பீடத்தில் எல்லோரும் கைகுலுக்கினார்கள். கடவுச்சீட்டைக் கொண்டு வா என்றபோதுதான் என்னிடம் குடியுரிமை இல்லை என்பதை அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பின்னர் எங்கள் குடும்பம் எந்த நாட்டுக்கும் சொந்தமற்றதாக இருந்தது. நாட்டின் அரசியலைப் பற்றித் தினமும் எழுதிய எனக்கு வாக்குரிமை இருக்கவில்லை. என்னுடைய இடத்தில் வேறொருவர் போனார். அவர் நல்ல மனிதர், அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

அதற்கு முந்திய ஆண்டில்தான் அண்ணன் தலைமன்னாரில் கப்பலேறினார். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி அவர் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். அம்மா இலங்கைக்கு விண்ணப்பித்தார். ஒரே லயத்துக் காம்பராவில் இரண்டு நாடுகள். அண்ணனைக் கேரளத்தின் புனலூருக்கு அனுப்பினார்கள். இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கென்று அங்கே உருவாக்கப்பட்டிருந்தது இறப்பர்த் தோட்டம். 'இங்கேயும் அதே மரம்தான் தம்பி' என்பது அவருடைய முதல் கடிதத்தின் முதல் வரி.

அம்மாவின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. 1985இல், எந்த நாட்டின் பிரஜையாகவும் இல்லாமல் அவர் இறந்தார். நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 1988இல் வந்தது. எனது முதலாவது கடவுச்சீட்டு என் கைக்கு வந்தபோது எனக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அதன் பின்னர் போர், பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன். பயணம் ஒத்திப்போடப்பட்டுக்கொண்டே வந்தது.

*

இனித் திட்டத்துக்கு வருகின்றேன்.

முதலில் பருவம். மனௌஸ் நிற்பது றியோ நீக்ரோ என்ற கரிய நிற நதியின் கரையில். நகருக்குச் சற்றுக் கீழே அது சேற்று நிறமான சொலிமோயின்ஸ் நதியைச் சந்திக்கின்றது. வெப்பமும் வேகமும் வேறுபடுவதால் இரண்டு நீரும் உடனே கலக்காமல் சுமார் ஆறு கிலோமீற்றர் தூரத்துக்கு அருகருகே ஓடுகின்றன. மனௌஸ் துறைமுகத்தின் அளவுகோலில் 2021 ஜூனில் 30.02 மீற்றர் என்ற உச்சம் பதிவாகியது. 2023 ஒக்டோபரில் அதே நதி 12.70 மீற்றருக்கு இறங்கியது, 2024இல் அதற்கும் கீழே போனது. அந்த வறட்சிகளில் படகுகள் மணலில் சிக்கின, ஆற்றங்கரைக் கிராமங்கள் துண்டிக்கப்பட்டன. ஆகவே நீர் நிறைந்திருக்கும் ஜூன் மாதத்தைத் தெரிவு செய்திருக்கின்றேன். அப்போது வெள்ளம் புகுந்த காட்டுக்குள் மரங்களின் இடையே சிறு படகில் போகலாம்.

அடுத்தது வழி. பிரேசிலின் தென்பகுதியிலிருந்து மனௌஸுக்குத் தரைவழி இருக்கின்றது என்று வரைபடம் சொல்லும். போர்ட்டோ வெல்ஹோவிலிருந்து வரும் அந்த வீதியின் நடுப்பகுதி மழைக்காலத்தில் சேறு. ஆகவே கொழும்பிலிருந்து டோஹா, அங்கிருந்து சாவோ போலோ, பின்னர் நான்கு மணி நேர விமானப் பயணம். மனௌஸில் நான்கு நாட்கள் போதும். அரங்கைப் பார்க்க வேண்டும். திரைப்படமொன்றுக்காக அமைக்கப்பட்டுப் பின்னர் அருங்காட்சியகமாக்கப்பட்ட இறப்பர் முகாம் ஒன்று நகருக்கு வெளியே, படகில் மாத்திரம் போகக்கூடிய இடத்தில் இருக்கின்றது. அதையும் பார்க்க வேண்டும். இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் நகரம் அது. 2021 ஜனவரியில் அங்கே வைத்தியசாலைகளில் ஒட்சிசன் தீர்ந்து மக்கள் மூச்சுத் திணறி இறந்த செய்தியை வாசித்தவன் என்பதால், அதை வெறும் காட்டு அதிசயமாகப் பார்த்துவிட்டு வர எனக்கு மனமில்லை. சந்தையில் நின்று மனிதரோடு பேச வேண்டும். அதற்காகப் போர்த்துக்கேயச் சொற்கள் சிலவற்றைப் பேரனிடம் ஒப்புவித்து வருகின்றேன். அலுமாரிக்கும் அலவாங்குக்கும் அந்த மொழியில் கடன்பட்டவர்கள் நாங்கள், ஆதலால் முற்றிலும் அந்நியமாக இல்லை.

மனௌஸிலிருந்து சந்தாரெம் நகருக்கு ஆற்றுப்படகு. நீரோட்டத்தோடு போனால் ஏறத்தாழ ஒன்றரை நாள். படகின் தட்டில் ஒவ்வொருவரும் தத்தமது தொங்கு தொட்டிலைக் கட்டிக்கொண்டு உறங்க வேண்டும். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் சேலைத் தொட்டிலில் கிடந்தவனுக்கு எழுபது ஆண்டுகளின் பின்னர் மறுபடியும் தொட்டில். விக்கம் விதை சேகரித்த தபஜோஸ் நதி அமேசானோடு சேரும் இடம் சந்தாரெம். எனது பயணத்தின் கடைசிப் புள்ளியும் அதுவே.

மூன்றாவது, உடம்பு. மஞ்சட் காய்ச்சல் தடுப்பூசி இல்லாமல் அந்தக் காட்டுக்குப் போகக்கூடாது. அங்கிருந்து திரும்பும்போது இலங்கையும் அந்தச் சான்றிதழைக் கேட்கும். பயணத்துக்குப் பத்து நாட்களுக்கு முன்னராவது ஏற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் அறுபது வயதைத் தாண்டியவர்கள் முதற்தடவையாக அதை ஏற்றும்போது கடும் பக்கவிளைவுக்கான வாய்ப்பு, அரிதானதுதான் என்றாலும், இளையவர்களைவிட அதிகம். வைத்தியர் இதை மறைக்காமல் சொன்னார். மனைவி என் முகத்தைப் பார்த்தார். இரத்தப் பரிசோதனைகளெல்லாம் முடிந்து, "போவதென்றால் ஏற்றலாம், போகாவிட்டால் வேண்டாம், முடிவு உங்களுடையது" என்றார் வைத்தியர். வீடு திரும்பும்வரை மனைவி பேசவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "நாற்பத்தைந்து வருஷமாக இதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறீங்கள், போய்ட்டு வாங்கோ" என்றார்.

*

கடைசியாக ஒரு சிக்கல் எஞ்சியிருந்தது. அண்ணன் தொலைபேசியில் ஒன்றே ஒன்று கேட்டிருந்தார். "அந்த ஊரு விதை ஒண்ணு கொண்டாடா. நான் போறதுக்குள்ள என் வாசல்ல நட்டுப் பாக்கணும்."

அவர் என்னிடம் வாழ்நாளில் கேட்ட முதற் பொருள் அது. கொண்டுவர முடியாது. அமேசானில் இறப்பர் மரங்கள் ஒன்றுக்கொன்று தூரமாக நிற்பவை. நெருக்கி நட்டால் அங்கேயே உரிய இலைக்கருகல் நோய் வந்து அழித்துவிடும். ஹென்றி ஃபோர்ட் 1928இல் தபஜோஸ் கரையில் தொடங்கிய பெருந்தோட்டம் அப்படித்தான் வீழ்ந்தது. 1945இல் பெரும் நட்டத்தோடு அது கைவிடப்பட்டது. அந்த நோய் இன்னும் ஆசியாவுக்கு வந்து சேரவில்லை. வந்தால் இங்கும், புனலூரிலும், மலேசியாவிலும் என்ன நடக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கின்றது. ஒரு விதை, ஓர் இலை, சப்பாத்தில் ஒட்டிய மண் கூட ஆபத்துத்தான். திரும்பும்போது உடைகளைத் துவைத்து, சப்பாத்தைக் கழுவி, சில காலம் எந்த இறப்பர்த் தோட்டத்திலும் கால் வைக்காமல் இருப்பதாக முடிவு செய்திருக்கின்றேன்.

இதை அண்ணனுக்கு எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் தயங்கினேன். சொன்னபோது சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "சரிதான்டா. அந்த ஊர்ல கூட்டமா நிக்க முடியாத மரம் இங்க வந்து நிக்குது. நின்னுட்டுப் போகட்டும், அத ஏன் கெடுக்கணும்?" என்றார். சிறிது பொறுத்து, "அம்மா படம் இருக்கில்ல, அத எடுத்துட்டுப் போ" என்றார்.

எங்களிடம் அம்மாவின் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கின்றது. குடியுரிமை விண்ணப்பத்தில் ஒட்டுவதற்காக அவிசாவளையில் எடுத்தது. படத்தில் அம்மா பயந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருக்கின்றார். அதைக் கடவுச்சீட்டின் நடுவில் வைத்திருக்கின்றேன். வருகின்ற வியாழக்கிழமை காலை தடுப்பூசி.