எழுதியது எஞ்சும் செப்பேடு

செப்பேடு என்றதும் திருவாலங்காடும் வேள்விக்குடியும் நம் நினைவில் எழும். அங்கே உளி செம்பைக் குடைந்த இடமே எழுத்து. எம் கல்லூரி இயற்பியல் மாணவர்கள் ஆக்கும் செப்பேட்டில் நெறி தலைகீழ்: எழுதிய இடத்துச் செம்பு எஞ்சும், எழுதாத இடம் கரையும். மின்சுற்றுப் பலகையைத்தான் சொல்கிறோம்.

சுற்றின் படத்தை இடவலம் மாற்றி, வழவழப்பான தாளில் லேசர் அச்செடுக்க வேண்டும். டோனர் என்பது பெரும்பாலும் நெகிழித் தூளே. சூட்டில் இளகிச் செம்பில் ஒட்டும். தாளை நீரில் ஊறவைத்து உரித்தபின், பலகையைப் பெரிக் குளோரைடு கரைசலில் இட்டால் மூடப்படாத செம்பு அரிக்கப்பட்டுவிடும்.

இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் சூடும் அழுத்தமும் சீராக அமைவதில்லை. ஓரிடத்தில் கோடு பரக்கிறது, ஓரிடத்தில் அறுகிறது. ஆகவே, மூடப்பட்ட நகலகமொன்றிலிருந்து பழைய லேமினேட்டர் வாங்கினோம். மெல்லிய உறைக்கென அமைந்த உருளைகளிடையே 1.6 மி.மீ. பலகை நுழையவில்லை. மின்னிணைப்பைத் துண்டித்து, உருளைகளை இறுக்கும் சுருள்வில்லைத் தளர்த்தியதும் வழிவிட்டது. சூட்டைக் கூட்டும் பொருட்டு அதன் வெப்பக் காப்புகளில் கைவைக்கவில்லை. பலகையைப் பத்து முறை திரும்பத் திரும்பச் செலுத்தினோம். செம்பு சிறிது சிறிதாகச் சூடேறி டோனரைப் பற்றிக்கொண்டது.

ரிச்சி தெருவில் ஆயத்தப் பலகையே கிடைக்குமே என்பர் சிலர். கிடைக்கும். ஆனால் வாங்கிய பலகை இயங்காதபோது மாணவன் கைபிசைந்து நிற்பான். தானே ஆக்கியதாயின் எந்தக் கோடு அறுந்ததென்று தேடுவான். மதிப்பெண் இரண்டிலும் கிட்டும். தொழில் பின்னதில்தான் கிட்டும்.