தாராசிங்குக்கு ஒரு தம்பி இருந்தார் பாஸ்!

'ஆமா... இவரு பெரிய தாராசிங்!' மூணே நாள் ஜிம்முக்குப் போயிட்டு, நாலாவது நாள் டைட் டி-ஷர்ட்டோட கிளாஸுக்கு வர்ற ஆளைக் கலாய்க்க இதைவிட நல்ல டயலாக் இன்னும் வரலை. தாராசிங் 2012-லயே காலமாகிட்டார். அந்தப் பேரு மட்டும் இன்னும் ரிங்கை விட்டு இறங்கலை.

பஞ்சாப் கிராமத்துல இருந்து 1947-ல சிங்கப்பூர் போன மனுஷன். அங்கே குஸ்தி கத்துக்கிட்டு, மலை மாதிரி இருந்த கிங்காங்கோட மோதி, 1968-ல பம்பாயில அமெரிக்காவோட லூ தெஸ்ஸை ஜெயிச்சு உலக சாம்பியன். 1987-ல தூர்தர்ஷன் 'ராமாயண'த்துல அனுமார். 2003-ல ராஜ்யசபா எம்.பி. இதெல்லாம் உங்க தாத்தாவே சொல்லியிருப்பார்.

அவர் சொல்லாத ஒண்ணு... தாராசிங்குக்கு ஒரு தம்பி. அவரும் குஸ்தி வீரர், அவரும் சினிமா நடிகர். நிஜப் பேரு சர்தாரா சிங். ரிங்குலயும் திரையிலயும் வெறும் 'ரந்தாவா'.

இந்தப் பேரைக் கொஞ்சம் கவனிங்க. ரந்தாவாங்கறது குடும்பப் பேரு, அண்ணனுக்கும் அதேதான். அண்ணன் சொந்தப் பேரை எடுத்துக்க, தம்பி குடும்பப் பேரை எடுத்துக்கிட்டார். ஒரே பேரை ரெண்டா வெட்டி ஆளுக்கொரு பாதி! 'சர்தாரா'ன்னே இருந்திருந்தா, தம்பி பேருக்குள்ளயே அண்ணன் உக்காந்திருப்பார். எழுதிப் பாருங்க... சர்-தாரா. நமக்கெல்லாம் அந்த வசதி கிடையாது. அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே இனிஷியல், அதை யாரு பங்கு போடறது?

இன்னொரு ஜாலி மேட்டர். திரையில தாராசிங்குக்குப் படம் படமா ஜோடி சேர்ந்தவர் மும்தாஜ். மும்தாஜோட அக்கா-தங்கச்சி உறவுல வர்ற மல்லிகாவைக் கல்யாணம் பண்ணிக்கிட்டவர் ரந்தாவா. அண்ணனுக்கு ரீல், தம்பிக்கு ரியல்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. போர் அடிக்கிற பீரியடுல நோட்டோட கடைசிப் பக்கத்துல 'என்ன ஆகியிருக்கும்?' ஆட்டம் ஆடுவேன். 1947-ல சிங்கப்பூர் கப்பல் ஏறினது தம்பியா இருந்தா? நாம கலாய்க்கறது 'பெரிய ரந்தாவா'ன்னு இருந்திருக்குமோ? உலகப் பட்டத்துக்கு அண்ணனும் தம்பியும் எதிரெதிரா நின்னிருந்தா?

இந்த ரெண்டாவது கேள்வியை ஒருத்தர் நிஜமாவே ஆடிப் பார்த்துட்டாங்க. கனடாவோட ஹார்ட் குடும்பம். 12 பிள்ளைங்க, பிரெட் எட்டாவது, ஓவன் கடைக்குட்டி. 1994 மார்ச் 20, நியூயார்க், ரெஸில்மேனியா. முதல் மேட்ச்லயே தம்பி ஓவன் அண்ணனைத் தோற்கடிச்சார். அதே ராத்திரி கடைசி மேட்ச்ல யோகோசுனாவை ஜெயிச்சு பிரெட் சாம்பியன். முடிவை முன்னாடியே எழுதி வைக்கிற ஆட்டம்தான், தெரியும். ஆனா அந்த ஒரு மேட்ச்சுக்கு அப்புறம்தான் ஓவனை ஓவனாப் பார்த்தாங்க.

1997 நவம்பர்ல, மாண்ட்ரியல்ல பிரெட்டுக்குத் தெரியாமலே முடிவை மாத்தி பட்டத்தைப் பிடுங்கினாங்க. அவர் எதிர் கம்பெனிக்குப் போனார். மச்சானுங்க ரெண்டு பேரும் பின்னாடியே போயிட்டாங்க. தம்பி மட்டும் பழைய இடத்துலயே இருந்தார். 1999 மே 23, கான்சஸ் சிட்டி. முகமூடி போட்டு 'ப்ளூ ப்ளேஸர்'ங்கற வேற பேர்ல, கூரையில இருந்து கயிறுல இறங்கினப்போ விழுந்து ஓவன் இறந்தார். வயசு 34. அன்னிக்கு ஷோவைக்கூட நிறுத்தலை.

(இதே 1997 அக்டோபர்லதான் அண்டர்டேக்கருக்குத் தம்பின்னு கேனைக் கொண்டு வந்தாங்க. ட்ரம்ப் கார்டு வெச்சு விளையாடின நாங்க அதை அப்படியே நம்பினோம். ரெண்டு பேருக்கும் ஒட்டு உறவு கிடையாது. கேன் 2018-ல அமெரிக்காவுல ஒரு கவுண்டிக்கு மேயரே ஆகிட்டார்! பொய்த் தம்பி நல்லா இருக்கார்.)

அண்ணன் பின்னாடியே ஓவனும் போயிருந்தா? இந்தக் கேள்வியைக் கேட்காத ரசிகன் இல்லை. எனக்கு உறுத்தறது வேற. 'என்ன ஆகியிருக்கும்'ங்கற கேள்வி எப்பவும் தம்பியை நோக்கித்தான் வருது.

எங்க சிலமலையிலயும் அதே கதைதான். அண்ணன் கபடியில ரெய்டர். சுத்துப்பட்டு ஊர்ல எங்கே போனாலும் நான் 'அவன் தம்பி'. 'நீ ஏம்ப்பா கபடிக்கு வரலை?'ன்னு டீக்கடையில இருந்து கல்யாண வீடு வரைக்கும் கேட்டாச்சு. ப்ளஸ் டூவுல என்னைவிட மார்க் எடுத்த அண்ணன், ரெண்டு பேருக்கு ஃபீஸ் கட்ட வீட்டுல வழியில்லைன்னு ஜீப் எடுத்தான். விடிகாலையில போடியில இருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போறான். 'நீ ஏம்ப்பா காலேஜுக்குப் போகலை?'ன்னு அவனை ஒருத்தர் கேட்டதில்லை.

ஒருநாள் முன் சீட்டுல உக்காந்து நானே கேட்டேன். "ஏண்ணே, நீ படிச்சிருந்தா என்ன ஆகியிருப்பே?"

"பதினேழு கொண்டை ஊசி வளைவு கிடக்கு. தொணதொணன்னு பேசாம வாடா"ன்னான். ஆறாவது வளைவு தாண்டினதும் அவனே, "கணக்கு வாத்தியாரு"ன்னு சொல்லிட்டு ஹாரன் அடிச்சான்.

அன்னிக்கு சாயங்காலம் நோட்டுல கேள்வியைத் திருப்பிப் போட்டேன். ரந்தாவா இல்லாம தாராசிங் எப்படி இருந்திருப்பார்? குஸ்தியைத் தனியாப் பழக முடியாது. பிடிக்க ஒரு உடம்பு வேணும், தினமும் வேணும். 1910-ல காமா பயில்வான் லண்டன் போனப்போ தம்பி இமாம் பக்ஷும் கூடவே போய், ஸ்விட்சர்லாந்து ஜான் லெம்மை அங்கே மண்ணைக் கவ்வ வெச்சார். பிரெட் சாம்பியனான ராத்திரியும், முதல்ல தம்பிகிட்ட தோத்துட்டுத்தான் ஆரம்பிச்சது.

தாராசிங் பையனும் நடிகர், ரந்தாவா பையனும் நடிகர். அண்ணன் பையன் 2009-ல 'பிக் பாஸ்' ஹிந்தியில ஜெயிச்சவர், பேரு விண்டு தாராசிங். தம்பி பையன் பேரு ஷாத் ரந்தாவா.