கையில் ஒரு கால்வாய்

மூன்று வருஷத்துக்கு முன்னால் சிறுநீரக டாக்டர் என் மனைவியிடம், "இடது கையில ஃபிஸ்டுலா வச்சிருங்கம்மா" என்றபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். ஃபிஸ்டுலா என்றால் 1686இல் பதினான்காம் லூயி மன்னருக்கு அறுத்துச் சரிசெய்த பவுத்திரம்தான் எனக்கு ஞாபகம். அதைக் கொண்டுபோய்க் கையில் ஏன் வைக்க வேண்டும்?

டாக்டர் சிரித்துவிட்டு விளக்கினார். மணிக்கட்டில் தமனியைப் பக்கத்துச் சிரையோடு இணைத்துத் தைப்பார்கள். தமனியின் வேகம் உள்ளே பாயப் பாய, சிரை பருத்துச் சுவர் தடிக்கும். சுத்தமல்லி அணைக்கட்டில் ஆற்றைத் திருப்பி நெல்லைக் கால்வாயில் விடுவதுபோல என்று நான் புரிந்துகொண்டேன். டயாலிசிஸ் மெஷினுக்கு நிமிஷத்துக்கு 300 மில்லி அளவில் ரத்தம் வேண்டும். சாதாரணச் சிரை தாங்காது. பிரெசியா, சிமினோ என்ற நியூயார்க் டாக்டர்கள் தம் சகாக்களோடு 1966இல் வெளியிட்ட முறை இது. மணிக்கட்டு தோதுப்படாவிட்டால் முழங்கை, அதுவும் ஆகாவிட்டால் செயற்கைக் குழாய்.

ஒரே சங்கதி, ஃபிஸ்டுலா முதிர 6 வாரமாவது ஆகும். முன்கூட்டியே செய்ய வேண்டும்.

"இன்னும் டயாலிசிஸே தொடங்கலியே, பொறவு பாத்துக்கிடலாம்" என்று தள்ளிப்போட்டவன் நான்தான்.

எட்டாம் மாதம் ஒரு ராத்திரி அவளுக்கு மூச்சுத் திணறியது. அவசரமாகக் கழுத்தில் கதீட்டர் போட்டார்கள். அடுத்த மாதமே குளிர்காய்ச்சல். அதன் வழியாக ரத்தத்தில் கிருமி. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். "அப்பவே செஞ்சிருக்கலாம்லா" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

பிறகு ஃபிஸ்டுலா வைக்கப் போனால், டிரிப்ஸ் ஊசி குத்திக் குத்தி மணிக்கட்டுச் சிரைகள் கெட்டுப்போயிருந்தன. முழங்கையில்தான் வைத்தார்கள். இரண்டு மாதம் கழித்துக் கழுத்துக் குழாய் வெளியே வந்தது.

இப்போது அந்தக் கையில் பிரஷர் பார்ப்பதில்லை, ரத்தம் எடுக்க விடுவதில்லை, பாரம் தூக்குவதில்லை, இறுக்கமான வளையலும் இல்லை. தினமும் காலையில் காப்பிக்கு முன் அங்கே விரலை வைத்துப் பார்ப்பேன். பூனை உறுமுவதுபோல ஓர் அதிர்வு. அது நின்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

"என்ன, ஓடுதா?" என்பாள்.

"ஓடுது."

உங்கள் வீட்டில் யாருக்காவது டாக்டர் இதைச் சொன்னால், என்னைப்போல் நாள் கடத்தாதீர்கள்.