அணிலும் நாமும்

வகுப்பில் நாற்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் அடக்கிவிடும் நமக்கு, முதுகில் மூன்று கோடுள்ள ஓர் அணிலை அடக்கத் தெரியவில்லை. புக்ககம் சென்ற மகள், "அப்பா, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒப்படைத்துப் போன மல்லிகைத் தொட்டியை அது தினமும் தோண்டிற்று; வேர் வெளிப்பட்டுச் செடி வாடத் தொடங்கிற்று. மிளகாய்ப் பொடி தூவினோம், மழை கரைத்துவிட்டது. விரட்டினோம், நாம் பள்ளிக்குப் புறப்பட்டதும் திரும்பி வந்தது. பிறகே நம் பிழை புலப்பட்டது. நாள்தோறும் மண்ணைக் கொத்திப் பொலபொலவென்று ஆக்கி, கடலைப் பிண்ணாக்கும் இட்டு, அதனை விருந்துக்கு அழைத்தவர் நாமேயன்றோ! பிண்ணாக்கை நிறுத்தினோம். தண்டுக்கு இடம் விட்டு, மண்மீது கம்பி வலையைப் பரப்பி, மேலே கூழாங்கற்களை அடுக்கினோம். நீர் இறங்கிற்று; நகம் இறங்கவில்லை. முதல் மொட்டுக் கண்ட அன்று மகளுக்குக் கடிதம் எழுதினோம். அணிலைப் பற்றி மட்டும் எழுதவில்லை.