சிப்காட் வழியே ஒரு செல்லோ பயணம்!

கடலூர் முதுநகரைத் தாண்டி சிதம்பரம் சாலையில் பஸ் போகும்போது, கண்ணை மூடியிருந்தாலும் சிப்காட் வந்துவிட்டதை மூக்கு சொல்லிவிடும். வரிசையாக ஆலைகள், புகைபோக்கிகள், பின்னால் உப்பனாறு. ஷிஃப்ட் முடிந்தவர்கள் டிபன் பையோடு ஏறுகிறார்கள். என் ஹெட்போனில் ஓடிக்கொண்டிருந்தது, எட்வர்ட் எல்காரின் செல்லோ கன்செர்ட்டோ.

செல்லோ, வயலினுக்குப் பெரியண்ணன். தோளில் வைக்க முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்க வேண்டும். இளையராஜா பாடல்களில் அடிநாதமாக அதைக் கேட்டிருப்பீர்கள். கன்செர்ட்டோ என்றால், ஒரே ஒருவர் முன்னால் வாசிக்க, ஆர்க்கெஸ்ட்ரா முழுவதும் அவரோடு பேசும்.

இந்தக் கன்செர்ட்டோவுக்கு ஒரு சோகக் கதை உண்டு. 1919 அக்டோபரில் லண்டனில் முதன்முதலில் அரங்கேறியபோது எடுபடவில்லை. காரணம், ஒத்திகைக்குப் போதிய நேரம் கிடைக்கவில்லை. அன்று செல்லோ வரிசையில் உட்கார்ந்திருந்த இளைஞர் ஜான் பார்பிரோலி. 1965-ல் அவரே நடத்துநராக நிற்க, 20 வயது ஜாக்குலின் டு ப்ரே இதை வாசித்துப் பதிவு செய்தார். உலகமே திரும்பிப் பார்த்தது!

ஒருவரின் திறமை மட்டும் போதாது, சேர்ந்து பயிற்சி எடுக்க ஆட்களும் நேரமும் வேண்டும். இசைக் கல்லூரிகளின் அவசியமே அதுதான்.

ஆலப்பாக்கத்தில் பள்ளிச் சீருடையில் ஒரு மாணவி ஏறினாள். கையில் வயலின் பெட்டி. நெரிசலில் அதை மடியில் வைத்து அணைத்துக்கொண்டாள்.

சிதம்பரத்தில் இறங்கி அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போனேன். ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1929-ல் தொடங்கிய இசைக் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. தமிழிசை இயக்கம் வேர்விட்ட மண். தண்டபாணி தேசிகர் பணியாற்றிய இடம். மரத்தடியில் நின்றால், எங்கிருந்தோ வயலின் சத்தம் காற்றில் வருகிறது.

அந்த வயலினும் ஒரு காலத்தில் வெளிநாட்டுக் கருவிதான். சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்றுக்கொண்டு நம் இசைக்குக் கொண்டுவந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரி அபூர்வம்.

செல்லோவும் அந்தப் பாதையில் நடக்கத் தொடங்கியிருக்கிறது. வி.ஆர்.சேகர் அதில் கர்நாடக இசையே வாசிக்கிறார். சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மான் 2008-ல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியின் சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ரா, வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இலவசமாகவே கற்றுத்தருகிறது. ஆனால், சிப்காட்டிலிருந்து சென்னைக்கு நாலைந்து மணி நேரப் பயணம். ஷிஃப்ட் வேலைக்குப் போகும் அப்பாவோ அம்மாவோ, வாராவாரம் பிள்ளையை எப்படி அழைத்துப்போக முடியும்?

திரும்பும்போது இருட்டிவிட்டது. சிப்காட் விளக்குகள் எரிய, இரவு ஷிஃப்ட்காரர்கள் இறங்கினார்கள். விமானத்தில் போகும் செல்லோ கலைஞர்கள், கருவிக்கென்றே தனி சீட் வாங்குவார்களாம். வயலினை மடியில் வைத்துக்கொண்ட அந்த மாணவி ஞாபகத்துக்கு வந்தாள். இந்த பஸ்ஸில் என்றைக்காவது ஒரு பிள்ளை செல்லோவோடு ஏறினால், கண்டக்டர் அண்ணன் எத்தனை டிக்கெட் கிழிப்பார்?