பாட்டிக்கு எந்த ஆங்கிலம்?

எடின்பரோவில் மேடையேற யாரும் உங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. 1947-இல் அந்த ஊரில் நடந்த கலைவிழாவுக்கு அழைப்பே இல்லாமல் 8 நாடகக் குழுக்கள் வந்து, ஓரமாகத் தங்கள் நாடகங்களைப் போட்டன. அந்த ஓரம்தான் இன்று ‘ஃப்ரிஞ்ச்’ விழா. ஒவ்வோர் ஆகஸ்டிலும் 3,000-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள். ஓர் இடம் பிடித்துவிட்டால் நீங்களும் கலைஞர்தான். ஆள் பிடிப்பது உங்கள் பாடு.

சென்ற ஆகஸ்டில் நானும் போனேன். மதுக்கூடம் ஒன்றின் நிலவறை, 40 நாற்காலி, நாங்கள் நால்வர், ஆளுக்கு 12 நிமிடம். நுழைவு இலவசம், முடிந்ததும் வாசலில் வாளியோடு நிற்போம், விருப்பப்பட்டதைப் போடலாம். பகலில் ராயல் மைல் வீதியில் துண்டறிக்கை கொடுக்க வேண்டும். வானொலியில் ‘நேயர்களே’ என்றால் யாரோ கேட்கிறார்கள் என்று நம்பிக்கொள்ளலாம். அந்த வீதியில் நான் வாயைத் திறக்கும் முன்பே மனிதர்கள் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். மழை வேறு. தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில்கூட இலவசத்துக்கு இவ்வளவு கெஞ்ச வேண்டியதில்லை.

என் கையில் இருந்த நல்ல சரக்கு பாட்டி கதைதான். தினமும் காலையில் நான் வானொலியில், “பசியாறியாச்சா?” என்று கேட்பேன். தோட்டத்து லயத்தில் வளர்ந்த என் பாட்டி வீட்டிலிருந்து, “ஆச்சு, நீ பசியாறிட்டியா?” என்று வானொலிப் பெட்டியிடம் பதில் சொல்வார். சாயந்திரம் நான் வீடு திரும்பினால் கோபம்: “நான் மெனக்கெட்டுக் கேட்டேன், நீ பாட்டுப் போட்டுட்ட!”

கோலாலம்பூரில் இதைப் பாட்டியின் குரலிலேயே சொல்வேன். சிரிக்கிறவர்களில் பாதிப்பேர் வீட்டில் அதே குரல் இருக்கிறது. எடின்பரோவில் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். “பாட்டிக்கு அந்த இந்திய உச்சரிப்பைப் போடு, தலையைக் கொஞ்சம் ஆட்டு, சிரிப்பு உறுதி” என்றார் கூட நடித்த ஒருவர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் தன் அப்பாவை அப்படித்தான் மேடையேற்றிக்கொண்டிருந்தார்.

இது புது விவாதமும் இல்லை. நம் மலேசியர் நைஜல் இங் 2019-இல் இதே விழாவில் சிறந்த புதுமுகத்துக்கான பரிந்துரைப் பட்டியலில் வந்தவர். மறு ஆண்டு ‘அங்கிள் ரோஜர்’ ஆகி உலகப் புகழ் பெற்றார். அந்த மாமாவின் உச்சரிப்பை ரசிப்பவர்கள் உண்டு, முகம் சுளிப்பவர்களும் உண்டு.

எனக்கு உறுத்தியது வேறு. என் பாட்டிக்கு ஆங்கிலமே தெரியாது. தமிழில் அவர் வாயைத் திறந்தால் லயமே அடங்கும். அப்படிப்பட்டவரை ஆங்கிலத்தில் திக்கித் திணற வைத்தால், அது என் பாட்டி இல்லை, வேறு யாரோ. பெயரை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதாகிவிடும். அதனால் நல்ல, நேரான ஆங்கிலத்தைக் கொடுத்தேன். ஒரு தலைமையாசிரியை கண்டிப்பது போல.

முதல் நாள் வந்திருந்தது 11 பேர். ‘பசியாறியாச்சா’வுக்கு ஆங்கிலத்தில் சொல் இல்லை, அதை விளக்குவதிலேயே அரை நிமிடம் போயிற்று. பாட்டுப் போட்ட இடத்தில் சிரிப்பு வந்தது, ஆனால் ஒரு மூச்சு தாமதமாக. அந்த ஒரு மூச்சு மேடையில் எவ்வளவு நீளம் என்பது நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். உச்சரிப்பு போட்டவருக்கு என்னைவிட இரண்டு மடங்கு சிரிப்பு, அதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்தடுத்த நாட்களிலும் அப்படித்தான்.

நாலாம் நாள், வாளியருகே ஒரு ஸ்காட்லாந்துப் பெண்மணி நின்றார். எழுபது வயது இருக்கும். அவருடைய அம்மா தொலைக்காட்சிச் செய்தி முடிந்ததும் வாசிப்பாளருக்குத் தவறாமல் ‘குட் நைட்’ சொல்வாராம். சொல்லாமல் படுத்தால் மரியாதையில்லையாம். பிறகு கேட்டார்: “உங்கள் பாட்டிக்குக் கடைசியில் பதில் சொன்னீர்களா?”

சொன்னேன். ஒரு நாள் ஒலிபரப்பிலேயே, “நானும் பசியாறிட்டேன் பாட்டி” என்று சொல்லிவிட்டுத்தான் பாட்டுப் போட்டேன். பாட்டி பக்கத்து வீட்டு அக்காவை அழைத்து உட்கார வைத்து, மறுநாளும் அதற்கே காத்திருந்தாராம்.

அந்தப் பெண்மணி வாளியில் 5 பவுண்டு போட்டார். அன்றைய வசூலை நால்வரும் பிரித்துக்கொண்டதில் என் பங்குக்கு ஒரு தேநீரும் பாதி சாண்ட்விச்சும் தேறியது.